மாயாவியின் கையும் ஆசிரியரின் கத்தரிக்கோலும்

1972ஆம் ஆண்டு ஜனவரித் திங்களில் சிவகாசியிலிருந்து முத்து காமிக்ஸ் என்னும் சித்திரக் கதை இதழ் வெளிவந்தது. அதன் முதல் வெளியீட்டின் பெயர் ‘இரும்புக்கை மாயாவி’. எம். சௌந்தரபாண்டியன் அதன் வெளியீட்டாளர். முல்லை தங்கராசன் அதன் முதல் ஆசிரியர். அன்று மதரஸா விட்டு வரும் வழியில் கடையில் தொங்கிய அந்தப் புத்தகத்தை ஏக்கத்தோடு பார்த்த சிறுவர்கள் இன்று பேரப்பிள்ளைகளை மதரஸாவுக்கு அனுப்பிக் கொண்டிருக்கிறார்கள். ஆயினும் அவர்களில் பலர் மாயாவியை இன்னும் விட்டபாடில்லை. மறுபதிப்பு வந்தால் வாங்குகிறார்கள். வாங்கிய கையோடு பழைய பிரதியை எடுத்து வைத்து வரிக்கு வரி ஒப்பிடுகிறார்கள். ஒரு வசனம் மாறியிருந்தாலும், ஒரு கட்டம் விடுபட்டிருந்தாலும் பொறுக்க மாட்டார்கள்.

வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்கு இது வேடிக்கையாக இருக்கலாம். நரை விழுந்த மனிதர்கள் சிறுபிள்ளைப் புத்தகத்துக்காக மல்லுக்கு நிற்பதா என்று சிரிப்போரும் உண்டு. நாம் சிரிப்பதற்கில்லை. ஒரு வாசகன் நெஞ்சில் குடிபுகுந்துவிட்ட பாத்திரத்தின்மேல் ஆசிரியர் எவ்வளவு தூரம் கை வைக்கலாம் என்ற வினா, படக்கதைக்கு மட்டும் உரியதன்று. படக்கதையில் அது பச்சையாகத் தெரிகிறது, அவ்வளவுதான். ஏனெனில் அங்கே எழுதுபவர் ஒருவர், வரைபவர் இன்னொருவர், உரிமை உடையது ஒரு நிறுவனம். எழுத்தாளர் போவார், ஓவியர் போவார். பாத்திரம் மட்டும் நிற்கும். நிற்கும் பாத்திரத்துக்குக் காவலாளி யார்?

முதலில் மாயாவியின் பூர்வீகத்தைப் பார்ப்போம். அவன் பிறந்த இடம் இங்கிலாந்து. ‘வாலியண்ட்’ என்ற வார இதழ் 1962 அக்டோபரில் தொடங்கியபோது அதில் தொடங்கிய தொடர் அது. முதலில் எழுதியவர் கென்னத் புல்மர். பின்னர் நெடுங்காலம் எழுதியவர் டாம் டல்லி. வரைந்தவர் ஸ்பெயின் நாட்டு ஓவியர் ஹெசூஸ் பிளாஸ்கோ. அந்த ஓவியரின் நிழலும் ஒளியும் இல்லையென்றால் கதை பாதிதான். நாயகனின் பெயர் லூயிஸ் கிராண்டேல். பேராசிரியர் பாரிங்கரின் ஆய்வுக்கூடத்தில் உதவியாளன். முன்னரே ஒரு விபத்தில் வலக்கையை இழந்து, எஃகினால் செய்த கையைப் பொருத்திக் கொண்டவன். ஆய்வுக்கூடத்தில் மின்சாரம் பாய்ந்தபோது அவன் உடல் முழுதும் கண்ணுக்கு மறைந்து, எஃகுக் கை மட்டும் காற்றில் மிதந்தது. மின்சாரம் ஏறினால் மறைவான். அதன் வேகம் தணிந்தால் மீண்டும் தெரிவான். மின்கம்பியைத் தேடி அந்தக் கை நீளும் காட்சியை ஒருமுறை கண்டவர் மறக்க மாட்டார்.

இனி நம் வாசகர்களில் பலருக்குப் புதிதாக இருக்கக்கூடிய செய்தி. அந்த முதல் தொடரில் கிராண்டேல் நல்லவன் அல்லன். மறையும் ஆற்றல் கிடைத்ததும் அவன் செய்தது கொள்ளை. அடுத்து நினைத்தது உலகை மிரட்டுவது. பிற்பாடுதான், விபத்தின் அதிர்ச்சியே அவன் புத்தியைக் கெடுத்தது என்று ஒரு சமாதானம் சொல்லப்பட்டு, அவன் மன்னிக்கப்பட்டான். அதன்பின் ‘நிழற்படை’ என்னும் இரகசிய உளவுப் பிரிவில் சேர்க்கப்பட்டான். விரல் ஒவ்வொன்றுக்குள்ளும் ஓர் ஆயுதம் வைக்கப்பட்டது. ஜேம்ஸ் பாண்டு படங்கள் ஓடிக் கொண்டிருந்த காலம் அது என்பதை நினைத்தால் காரணம் விளங்கும். 1960களின் பிற்பகுதியில், முகமூடி வீரர்களின் மோகம் தொலைக்காட்சி வழியாகப் பரவியபோது, கிராண்டேலுக்கும் ஓர் உடுப்பு மாட்டப்பட்டது. மறைந்து திரிபவனுக்கு அலங்கார உடை எதற்கு என்று யாரும் கேட்கவில்லை போலும். அந்த உடையும் நெடுநாள் தங்கவில்லை. சிறிது காலத்தில் கழற்றப்பட்டது.

ஆக, பத்தாண்டு காலத்துக்குள் ஒரே மனிதன் குற்றவாளியாகவும், உளவாளியாகவும், உடுப்பணிந்த மாவீரனாகவும் இருந்துவிட்டான். வாரந்தோறும் படித்து வந்த ஆங்கிலச் சிறுவனுக்கு இந்த மாறுதல்கள் கண்ணெதிரே நிகழ்ந்தன. தமிழ்ச் சிறுவனுக்கு அப்படியன்று. அங்கே வார இதழில் இரண்டு மூன்று பக்கங்களாகத் துண்டு துண்டாக வந்தவையும், தனிப் புத்தகங்களாக வந்தவையும் இங்கே ஒரே அளவான புத்தகங்களாகக் கைக்கு வந்தன. ‘பாம்புத் தீவு’, ‘நாச அலைகள்’, ‘பாதாள நகரம்’, ‘கொள்ளைக்கார மாயாவி’ என்று ஒவ்வொன்றும் தனித்தனி உலகம். எது முன், எது பின் என்று யாரும் கேட்கவில்லை. கேட்க வேண்டிய தேவையும் இல்லை. வரிசை போனதால் கிராண்டேலின் வீழ்ச்சியும் மீட்சியும் போயின. எஞ்சியவன், என்றும் மாறாத ஒரு வீரன்.

பெயரையும் கவனிக்க வேண்டும். ஆங்கிலத்தில் தொடரின் பெயர் அவன் எஃகு விரல்களின் கொடும் பிடியை மட்டுமே சொல்கிறது. தமிழில் எஃகு இரும்பாயிற்று, பிடி கையாயிற்று. அதைவிடப் பெரிய காரியம், ‘மாயாவி’ என்ற சொல்லைக் கொண்டு வந்து சேர்த்தது. மாயாவி என்பது நம் பழங்கதைகளில் வீரனுக்கு இட்ட பெயரன்று. வாலியோடு போரிட்டுக் குகைக்குள் புகுந்த அசுரனின் பெயர் மாயாவி. மாயம் செய்பவன், மறைந்து தாக்குபவன், நம்பத் தகாதவன் என்பதே அச்சொல்லின் பழைய வாடை. சிவகாசியில் யாரோ ஒருவர் அந்தச் சொல்லை எடுத்து ஒரு வீரனின் நெற்றியில் ஒட்டினார். இன்று தமிழ்நாட்டில் ஒரு தலைமுறையிடம் மாயாவி என்று சொன்னால் அசுரன் நினைவுக்கு வருவதில்லை. இரும்புக் கைதான் வருகிறது. ஒரு மொழிபெயர்ப்பாளர் ஒரு சொல்லின் குணத்தையே மாற்றிவிட்டார் என்றால், அதைவிட அவருக்கு என்ன விருது வேண்டும்?

இதை எதற்கு விரித்துச் சொல்கிறோமென்றால், மாயாவியின் அன்பர்கள் ஒன்றை மறந்துவிடுகிறார்கள். “எங்கள் மாயாவியைத் தொடாதீர்கள்” என்று அவர்கள் இன்று சொல்லும்போது, அவர்கள் காக்க விரும்பும் மாயாவியே ஆசிரியர்கள் தொட்டுத் தொட்டு உருவாக்கியவன்தான். லண்டனில் ஓர் ஆசிரியர் அவனைத் திருத்தினார்; சிவகாசியில் இன்னோர் ஆசிரியர் வரிசையைக் கலைத்து, பெயரை மாற்றி, பேச்சைத் தமிழாக்கினார். தமிழ்ச் சொற்கள் ஆங்கிலத்தைவிட நீளமானவை. பேச்சுக் குமிழிக்குள் அடங்க வேண்டுமே என்பதற்காக எத்தனை வசனங்கள் சுருங்கியிருக்கும்! பெரிய தாளில் வரைந்த படங்களைச் சிறிய புத்தகத்துக்குள் அடைக்கும்போது படத்தின் ஓரம் வெட்டுப்படாமல் போகுமா? கத்தரிக்கோல் படாத மாயாவி தமிழில் ஒருநாளும் இருந்ததில்லை.

இதைக் கேட்டதும் அன்பர்களின் வாதம் அடிபட்டுப் போயிற்று என்று சிலர் நினைக்கலாம். அப்படி முடித்துவிட முடியாது என்று நமக்குக் காட்டியவர்கள் ஒரு தந்தையும் மகளும்.

ஆதம்பாக்கத்தில் குடியிருக்கும் நம் நண்பர் ஒருவர் தம் சிறு வயதுப் புத்தகங்களைப் பத்துப் பத்தாகச் சேர்த்து, பைண்டு செய்து வைத்திருக்கிறார். பரங்கிமலை ரயிலடிப் பக்கம் பழைய புத்தகம் விற்பவர்களிடம் பொறுக்கிச் சேர்த்தவை பல. மழை வெள்ளம் வீட்டுக்குள் வந்த ஆண்டில் அரிசி மூட்டைக்கு முன் அவற்றைத்தான் பரணில் ஏற்றினார் என்று அவர் வீட்டார் இன்றும் குறை சொல்வார்கள். மறுபதிப்பு ஒன்றில் பழைய வசனங்கள் மாற்றப்பட்டிருந்ததைக் கண்டு ஒரு மாலை முழுதும் நம்மிடம் புலம்பினார். கல்லூரியில் படிக்கும் அவர் மகள் பக்கத்து அறையிலிருந்து எட்டிப் பார்த்துச் சொன்னாள்: “உங்க மாயாவிக்கு ரெண்டு வசனம்தான் மாத்தினாங்க அத்தா. எங்க கமலாவக் கொன்னே போட்டாங்க.”

கமலா கான் யார் என்று நம் வாசகர்களில் பெரியவர்களுக்குச் சொல்ல வேண்டியிருக்கும், பிள்ளைகளுக்குத் தெரியும். அமெரிக்காவின் மார்வெல் நிறுவனம் 2013இல் அறிமுகம் செய்து, 2014இல் தனி இதழ் கொடுத்த பெண் பாத்திரம். நியூ ஜெர்சி மாநிலத்தில் ஜெர்சி நகரில் வாழும் பாகிஸ்தானியக் குடும்பத்துப் பெண். பள்ளி மாணவி. பள்ளிவாசலுக்குப் போவாள், உம்மா சொல்லும் கட்டுப்பாட்டுக்கு முணுமுணுப்பாள், பெற்றோர் உறங்கியபின் ஜன்னல் வழியே இறங்கி ஊரைக் காப்பாற்றப் போவாள். அவளை உருவாக்கியவர்களில் ஆசிரியர் சனா அமானத், எழுத்தாளர் ஜி. வில்லோ வில்சன், ஓவியர் அட்ரியன் அல்ஃபோனா ஆகியோர் முக்கியமானவர்கள். முதல் தொகுதி 2015இல் ஹ்யூகோ விருது பெற்றது. அதைவிட, உலகெங்கும் நம் பெண் பிள்ளைகள் பலர் வீர சாகசக் கதையில் தம் வீட்டு உணவையும், தம் வீட்டுச் சண்டையையும் முதன்முறையாகக் கண்டார்கள்.

கமலாவின் ஆற்றல், உடலை நீட்டவும் சுருக்கவும் உருவத்தை மாற்றவும் கூடியது. ஆற்றல் வந்த முதல் இரவில் அவள் தன்னையறியாமல் எடுத்த உருவம் என்ன தெரியுமா? தான் வியந்து போற்றிய பொன்னிறக் கூந்தல்காரியின் உருவம். வெள்ளைத் தோல், நீண்ட கால், இறுக்கமான உடை. அதைப் போட்டுப் பார்த்தபின் அவளுக்குப் புரிகிறது, இது தனக்குப் பொருந்தவில்லை என்று. தன் நிறத்தோடும் தன் முகத்தோடும் வீரம் செய்யத் துணிகிறாள். மொத்தக் கதைக்கும் உயிர்நிலை இதுதான்: எந்த உருவமும் எடுக்கக் கூடியவள் தன் உருவத்தைத் தேர்ந்துகொள்கிறாள்.

2022இல் தொலைக்காட்சித் தொடராக வந்தபோது இந்த ஆற்றலை மாற்றினார்கள். உடல் நீளுவது போய், பரம்பரையாக வந்த ஒரு வளையலிலிருந்து ஒளிக்கட்டிகள் பிறக்கத் தொடங்கின. அதற்கு ஈடாக 1947ஆம் ஆண்டுப் பிரிவினையின் ரயிலடிக் காட்சியைக் கொண்டுவந்து, பாட்டியின் கதையோடு பேத்தியின் கதையை முடிச்சுப் போட்டார்கள். அந்தக் காட்சி நன்றாகவே இருந்தது. நாமும் கண் கலங்கினோம். ஆயினும் உருவம் மாற்றும் ஆற்றல் போனதும், தன் உருவத்தைத் தேர்ந்துகொள்ளும் அந்தக் கணமும் கதையிலிருந்து போய்விட்டது.

அடுத்த ஆண்டு நடந்தது இதைவிடக் கொடுமை. 2023 மே மாதக் கடைசியில், ‘அமேசிங் ஸ்பைடர்மேன்’ இதழின் 26ஆம் எண்ணில் கமலா கான் கொல்லப்பட்டாள். தன் இதழில் அல்ல. இன்னொரு வீரனின் இதழில். அதுவும் எப்படி? அந்த வீரனின் காதலியான மேரி ஜேனைக் காப்பாற்ற, அந்தச் செந்நிறக் கூந்தல்காரியின் உருவத்தை எடுத்துக்கொண்டு, கத்திக்குத்துப்பட்டு வீழ்ந்தாள். இரண்டு மாதம் செல்வதற்குள் எக்ஸ்மென் கூட்டத்தார் அவளை உயிர்ப்பித்தார்கள். இனி அவள் பிறவியிலேயே விகாரம் பெற்றவர்களின் கூட்டத்தைச் சேர்ந்தவள் என்று அறிவித்தார்கள். தொலைக்காட்சித் தொடரின் இறுதியிலும் அப்படி ஒரு குறிப்பு வந்திருந்தது. இரண்டையும் ஒன்றாக்கும் வேலை இது என்று பிள்ளைகள் உடனே கண்டுகொண்டார்கள். அதே ஆகஸ்டில் வந்த புதிய தொடரை எழுதியவர்கள் சபீர் பிர்ஸாதாவும், தொலைக்காட்சியில் கமலாவாக நடித்த இமான் வெல்லானியும். நடித்த பெண்ணே எழுதவும் முன்வந்தது ஆறுதலான செய்தி. என்றாலும் நடந்தது நடந்ததுதான்.

நண்பரின் மகளுக்குக் கோபம் கமலா செத்ததில் அல்ல. படக்கதையில் சாவு என்பது வெளியூர்ப் பயணம் போன்றது. எல்லாரும் திரும்பி வருவார்கள் என்பது அவளுக்குத் தெரியும். “அடுத்தவ முகத்தோட சாகடிச்சாங்களே, அதுதான்” என்றாள். நாம் நூறு பக்கம் எழுதினாலும் இதைவிடச் சரியாகச் சொல்ல முடியாது. பிறர் உருவத்தை உதறியதால் வீராங்கனையானவளைப் பிறர் உருவத்திலேயே சாகவிட்டால், அது அவள் கதையைத் தொடர்வதாகாது. அவள் கதையின் முதல் அத்தியாயத்தைக் கிழிப்பதாகும்.

இங்கேதான் நமக்கு ஓர் அளவுகோல் கிடைக்கிறது. மாற்றுவது குற்றமன்று, மாறாத பாத்திரம் எதுவும் நீடித்ததில்லை. ஆனால் ஒவ்வொரு பாத்திரத்துக்கும் உள்ளே ஓர் எலும்பு இருக்கிறது. ஆசிரியர் சதையைக் கூட்டலாம், குறைக்கலாம். எலும்பை முறித்தால் அப்பாத்திரம் பிணம். பெயர் மட்டும் நடமாடும்.

இந்த அளவுகோலைக் கொண்டு பார்க்கும்போது, ஸ்பைடரின் கதை வேறு விதமாகத் தெரிகிறது. நாம் சொல்வது அமெரிக்கச் சிலந்தி மனிதனை அல்ல. இங்கிலாந்தின் ‘லயன்’ இதழில் 1965இல் தோன்றிய, கூரிய காதும் கரிய உடையும் கொண்ட ஸ்பைடரை. தமிழில் 1984 ஜூலையில் எஸ். விஜயனை ஆசிரியராகக் கொண்டு தொடங்கிய லயன் காமிக்ஸில் அதே ஆண்டு ‘எத்தனுக்கு எத்தன்’ என்று வந்தவன். தொடக்கத்தில் அவன் குற்றவாளிகளின் அரசனாகத் திட்டமிட்டவன். எழுதியவர் டெட் கோவன். வரைந்தவர் ரெஜ் பன். சிறிது காலத்தில் எழுத்துப் பணி ஜெரி சீகலிடம் போயிற்று. சூப்பர்மேனைப் படைத்த இருவரில் ஒருவர் அவர். அவர் கையில் ஸ்பைடர் குற்றவாளிகளை வேட்டையாடுபவனாக மாறினான்.

இதுவும் பெரிய மாற்றம்தான். வில்லனை வீரனாக்கினார்கள். ஆயினும் வாசகர்கள் அவனைக் கைவிடவில்லை, தமிழில் கொண்டாடினார்கள். ஏன்? ஸ்பைடரின் எலும்பு அவன் தீமை அல்ல, அவன் தற்பெருமை. கொள்ளையடித்தபோதும் தன்னை மிஞ்ச ஆளில்லை என்றான். கொள்ளையரை அடக்கியபோதும் அதையேதான் சொன்னான். சீகல் தொழிலை மாற்றினார், திமிரை மாற்றவில்லை. சீகலுக்கு இது புதிதுமல்ல. 1933இல் சூப்பர்மேன் என்ற பெயரில் அவர் முதலில் எழுதிய சிறுகதையில் அப்பெயருடையவன் ஒரு கொடியவன். 1938இல் உலகம் கண்டது அந்தப் பெயரின் நல்ல வடிவத்தை.

இன்னொரு கசப்பையும் சொல்லியாக வேண்டும். அந்தச் சூப்பர்மேனை சீகலும் அவர் தோழர் ஜோ ஷுஸ்டரும் 1938இல் 130 டாலருக்கு விற்றார்கள். அதன்பின் தாம் பெற்ற பிள்ளை யார் யார் கையிலோ வளர்வதைப் பார்த்துக் கொண்டிருந்தார்கள், வழக்காடினார்கள், தோற்றார்கள். 1975இல்தான் ஆண்டுக்கு 20,000 டாலர் உதவித்தொகையும், படைத்தவர்கள் என்ற பெயர்க் குறிப்பும் கிடைத்தன. இடைப்பட்ட அந்த வறண்ட காலத்தில்தான் சீகல், இன்னொருவர் பெற்ற பிள்ளையான ஸ்பைடரை இங்கிலாந்துக்காரர்களுக்கு எழுதிக் கொடுத்தார். தம் பாத்திரத்தைப் பறிகொடுத்தவர் பிறர் பாத்திரத்தை எவ்வளவு பதமாகக் கையாண்டார் என்பதை லயன் காமிக்ஸ் படித்த சிறுவர்கள் அறிய வாய்ப்பில்லை. அறிந்திருந்தால் ஸ்பைடரின் திமிரில் ஒரு துயரமும் தெரிந்திருக்கும்.

இவையெல்லாம் மேல்நாட்டுச் சரக்கு என்று ஒதுக்குவோருக்கு நம் முற்றத்திலிருந்தே ஒரு சான்று தருவோம். நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் சிறிய தந்தை ஹம்ஸா (ரலி) அவர்கள் வரலாற்று மாந்தர். அவர்கள் பெயரைக் கொண்டு பாரசீகத்திலும் பின்னர் உருதுவிலும் எழுந்த ‘தாஸ்தானே அமீர் ஹம்ஸா’ வரலாறு அன்று. தேவர், பூதங்கள், பறக்கும் குதிரைகள், மாயக் கோட்டைகள் நிறைந்த கற்பனை. அக்பர் பாதுஷா இதைப் படங்களாகத் தீட்டச் செய்தார். ஏறத்தாழ 1,400 ஓவியங்கள் உருவாயின என்பர். ஓவியத்தைக் கூட்டத்தாருக்குக் காட்டிக் கதையை வாசித்துச் சொல்வதற்கென்று செய்யப்பட்ட ஏடுகள் அவை. படக்கதை என்றால் சிவகாசியை மட்டும் நினைப்பவர்கள் இதையும் நினைவில் கொள்ளட்டும்.

அச்சுக்கு வந்தபோது அந்தக் கதையும் ஆசிரியர்களின் கத்தரிக்கோலுக்குத் தப்பவில்லை. காலிப் லக்னவி 1855இல் கல்கத்தாவில் வெளியிட்ட உருதுப் பாடத்தை எடுத்து, அப்துல்லாஹ் பில்கிராமி கவிதைகளும் அலங்கார நடையும் சேர்த்துத் திருத்த, 1871இல் லக்னோவின் நவல் கிஷோர் அச்சகம் வெளியிட்டது. அதுவும் போதாமல், அதே அச்சகத்தார் 1883 முதல் கதைசொல்லிகளை அமர்த்தி எழுதச் செய்ததில் அது 46 தொகுதிகளாகப் பெருத்தது. கதைசொல்லிகள் அதில் சேர்க்காத பூதமில்லை, கட்டாத கோட்டையில்லை. ஆனால் எத்தனை மாயக் கோட்டைகளை வென்றாலும் இறுதியில் அமீர் ஹம்ஸா உஹது களத்துக்கு வந்தாக வேண்டும். அங்கே ஷஹீதாக வேண்டும். அதை மாற்றக் கதைசொல்லிக்குத் துணிவில்லை; மாற்றினால் கேட்டுக் கொண்டிருக்கும் கூட்டம் எழுந்து போய்விடும். எது எலும்பு என்று அந்தக் கூட்டத்துக்கு யாரும் பாடம் நடத்தியதில்லை.

மாயாவிக்குத் திரும்புவோம். அவன் எலும்பு எது? உடுப்பா? அது ஒரு காலத்துக் கூத்து. நிழற்படையா? அது அடுத்து வந்தது. நம் எண்ணத்தில் அது அந்தக் கைதான். மற்றெல்லாம் மறைந்தாலும் மறைய மறுக்கும் கை. எவ்வளவு பெரிய ஆற்றல் கிடைத்தாலும் அவனால் முழுவதும் ஒளிய முடியாது. தன் ஊனம் தன்னைக் காட்டிக் கொடுக்கும். அதே ஊனமே அவன் ஆயுதம். இதைத் தமிழ்ச் சிறுவர்கள் சொல்லாமலே உணர்ந்தார்கள். அதனால்தான் வரிசை குலைந்தும், பெயர் மாறியும், ஓரம் வெட்டப்பட்டும் அவன் அவர்களிடம் பிழைத்தான். முல்லை தங்கராசன் காலத்துத் தமிழாக்கம் கையை மட்டும் விடவில்லை, பெயரிலேயே வைத்தது.

அப்படியானால் மறுபதிப்பில் வசனம் மாறியதற்கு நண்பர் கொதித்தது நியாயமா? ஒரு பாதி நியாயம். நாற்பதாண்டுக்கு முந்திய தமிழைச் சிறிது தளர்த்தி, இன்றைய பிள்ளைகள் படிக்கும்படி செய்வது பாவமன்று. நண்பர் பைண்டு செய்து வைத்திருக்கும் புத்தகங்களை அவர் மகள் ஒருநாளும் முழுதாகப் படித்ததில்லை. “தமிழ் ரொம்பக் கெட்டியா இருக்கு” என்கிறாள். 2012 ஜனவரியில் லயன் ‘கம்பேக் ஸ்பெஷல்’ வந்தது முதல், நல்ல தாளில், வண்ணத்தில், ஐரோப்பியக் கதைகள் ஏராளமாகத் தமிழில் வருகின்றன. அவற்றோடு மாயாவி, லாரன்ஸ்-டேவிட், ஜானி நீரோ என்ற பழைய மும்மூர்த்திகளும் மறுபதிப்பாக வந்தார்கள். வாங்குவோரில் பெரும்பாலோர் நண்பரின் வயதினர் என்பது புத்தகக் காட்சியில் அந்தக் கடை முன் ஐந்து நிமிடம் நின்றாலே தெரியும். அவர்களுக்காக மட்டுமே மாயாவியைப் பழைய உப்பிலேயே ஊறப்போட்டு வைத்தால், அவர்களோடு அவனும் போய்விடுவான். அவர்கள் வீட்டுப் பிள்ளைகள் ஆங்கிலத்தில் கமலாவைப் படிப்பார்கள். தமிழில் படிக்க அவர்களுக்கு எதுவும் இராது. நண்பருடைய கோபத்தை விட இதுவே நமக்குப் பெரிய கவலை.

மறுபாதி நியாயம், சொல்லாமல் மாற்றியதைப் பற்றியது. இதில் நாம் நண்பர் பக்கமே நிற்கிறோம். இந்தியாவில் பழைய வழக்கம் என்னவென்றால், மாற்றுவார்கள். வாய் திறக்க மாட்டார்கள். டைம்ஸ் ஆஃப் இந்தியா நிறுவனம் 1964இல் தொடங்கிய இந்திரஜால் காமிக்ஸில் வேதாளனின் கதைகள் வந்தன. மூலத்தில் வங்காளத்தை நினைவூட்டிய ஊர்ப் பெயர் இங்கே ‘டெங்காலி’ ஆனது; ‘சிங்’ கடற்கொள்ளையர் ‘சிங்கா’ கொள்ளையர் ஆனார்கள். இந்திய வாசகர் மனம் புண்படக் கூடாது என்ற எண்ணம்தான், அதில் தவறில்லை. ஆனால் வளர்ந்தபின் மூலத்தைப் பார்த்த வாசகன், தான் வாழ்ந்து வந்த ஊரே வரைபடத்தில் இல்லை என்று திகைத்தான். ஒரு வரி அடிக்குறிப்பு போட்டிருந்தால் அவன் திகைப்பு வியப்பாக இருந்திருக்கும்.

தமிழில் இதற்கு நல்ல முன்மாதிரி இல்லாமலில்லை. லயன் ஆசிரியர் விஜயன் ‘சிங்கத்தின் சிறுவயதில்’ என்ற தலைப்பில் தம் பதிப்பு அனுபவங்களைத் தொடராக எழுதி வாசகர் முன் வைத்திருக்கிறார். வாசகரோடு இவ்வளவு பேசும் பழக்கமுள்ள ஆசிரியர்கள் பெரிய இலக்கிய இதழ்களிலும் அரிது. அந்தப் பேச்சு, மாற்றத்துக்குப் பின் வரும் நினைவுக் குறிப்பாக மட்டுமின்றி, மாற்றப்பட்ட புத்தகத்தின் முதல் பக்கத்திலேயே ஒரு சிறு பத்தியாக இருந்தால் போதும். பழைய அன்பர்கள் சண்டையிடத்தான் செய்வார்கள். ஏமாற்றப்பட்டோம் என்று மட்டும் சொல்ல மாட்டார்கள்.

2021இல் இங்கிலாந்தின் ரெபெல்லியன் நிறுவனம் கிராண்டேலின் தொடக்கக் கதைகளைத் தொகுத்துப் புத்தகமாக்கியது. அதில் நம் மாயாவி கொள்ளைக்காரனாக, பித்தனாக, தன் கையைக் கண்டு தானே மிரள்பவனாக வருகிறான். நண்பர் அதை வரவழைத்துப் படித்துவிட்டு இரண்டு நாள் பேசாமல் இருந்தார். மூன்றாம் நாள் நம்மிடம், “இவனும் மாயாவிதான்” என்றார். தமிழில் மாயாவி மீண்டும் வரும்போதெல்லாம் அந்தக் கதை முதலில் எந்த இதழில், எந்த ஆண்டில், யார் எழுத்தில், யார் ஓவியத்தில் வந்தது, தமிழில் முதலில் எப்போது வந்தது, இப்போது எதை மாற்றியிருக்கிறோம் என்ற ஐந்தாறு வரிகளை அட்டையின் உட்புறம் அச்சிட வேண்டுமென்று பதிப்பாளர்களைக் கேட்டுக் கொள்கிறோம். அந்த வரிகளில் பிளாஸ்கோவின் பெயரும், தமிழாக்கியவரின் பெயரும் கட்டாயம் இருக்க வேண்டும்.